ஐம்பது மீட்டர் என்று சொன்ன லென்ஸ்

இந்த வருடம் தை மாதக் கடைசியில் ஒரு வெள்ளியும் சனியும் விடுப்பு எடுத்துக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய்வந்தேன். காரணம் கோயிலும் இல்லை, குளமும் இல்லை. ஒரு பழைய லென்ஸ். வாங்கி ஐந்து மாதமாக அலமாரியில் கிடந்தது. "இதை எடுத்துக்கிட்டு எங்கயாவது போய்ட்டு வாங்க, இல்லைன்னா நான் கதவுக்கு முட்டுக் கொடுக்க எடுத்துக்குவேன்" என்று மனைவி கெடு வைத்தபிறகுதான் கிளம்பினேன். போனது தை, எழுதுவது வைகாசி. தாமதத்துக்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை.

முதலில் லென்ஸ். ருஷ்யத் தயாரிப்பு, கிட்டத்தட்ட என் வயது. 300 மி.மீ., எஃப்/4, எடை 1.6 கிலோ. சென்னையில் பழைய கேமரா விற்கும் ஒரு கடையில் 7,500 ரூபாய்க்கு வாங்கினேன். இன்றைய லென்ஸ் இதே அளவில் வேண்டுமென்றால் லட்சத்தைத் தாண்டும். ஆட்டோஃபோகஸ் கிடையாது, கேமராவோடு எந்த மின்தொடர்பும் கிடையாது, எல்லாவற்றையும் கையால்தான் திருக வேண்டும். மிரர்லெஸ் கேமராவில் மாட்டுவதற்கு ஒரு அடாப்டர் வளையம் தேவை. ஆன்லைனில் இருப்பதிலேயே மலிவானதை, 900 ரூபாய்க்கு வாங்கினேன்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டிங் சோதிக்கிறவன். பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா, அளவு சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது வேலை. இருபத்தாறு வருடமாக இதுதான். இந்த விவரம் என் மானத்துக்கு நல்லதில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் மீதிக் கதை பாதிதான் புரியும்.

வெள்ளி காலை 5.40க்குத் துவாக்குடியில் பஸ் ஏறினேன். கட்டணம் 34 ரூபாய். தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் 6.35க்கு இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் 10 ரூபாய் கொடுத்துப் பெரிய கோயில் வாசலுக்குப் போக 7.05 ஆனது. கேமரா முக்காலியை உள்ளே விடவில்லை, அதற்குத் தனி அனுமதி வேண்டுமாம். வாசலில் பூ விற்கும் அம்மா 20 ரூபாய்க்கு அதைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். "இது காணாமப் போனா நான் பொறுப்பில்லை, ஆனா காணாமப் போகாது" என்றார். போகவில்லை.

உள்ளே போனதும் கேமரா படமெடுக்க மறுத்தது. லென்ஸ் மாட்டியிருப்பதே அதற்குத் தெரியாது. மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் படமெடுக்க அனுமதி' என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்ய வேண்டும். அடுத்தது கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி. லென்ஸ் எத்தனை மி.மீ. என்று நாம்தான் கேமராவுக்குச் சொல்ல வேண்டும். என் கேமராவில் பழைய 50 அப்படியே இருந்தது. முதல் நாற்பது படமும் கலங்கிப் போனதற்கு லென்ஸைத் திட்டினேன். பிறகுதான் எண்ணைப் பார்த்தேன். 300 என்று மாற்றியதும் திட்டு வாங்க ஆளில்லாமல் போயிற்று.

புல்தரையில் நின்றுகொண்டு விமானத்தின் மேல் அடுக்குகளைப் பார்த்தால் பொழுது போவதே தெரியாது. மாடக்குழிகளில் பச்சைக்கிளிகள் குடியிருக்கின்றன. வெறும் கண்ணுக்குப் பச்சைப் புள்ளியாகத் தெரிவது, இதில் மூக்கின் சிவப்போடு தெரிகிறது. ஃபோகஸைக் குவிப்பதற்கு, திரையைப் பத்து மடங்கு பெரிதாக்கி வளையத்தை மெதுவாகத் திருக வேண்டும். விளிம்புகளைச் சிவப்பாகக் காட்டும் வசதியை நம்பாதீர்கள். அது கிளியை விட்டுவிட்டுக் கல்லைச் சிவப்பாக்கும். 140 படத்தில் 31 தேறின. எனக்கு அதுவே திருப்தி.

வெளியே அகழிக்கரையில் முக்காலியை வைத்து இன்னொன்றையும் சோதித்தேன். பழைய லென்ஸின் உடம்பில் தூரம் பொறித்திருக்கும்: 3, 5, 7, 10, 15, 20, 30, 50 மீட்டர், கடைசியில் படுத்த எட்டு, அதாவது முடிவிலி. குவிந்ததும் குறிக்கு நேராக எந்த எண் நிற்கிறதோ அதுதான் பொருளின் தூரம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த செல்பேசிக் கோபுரத்தைக் குவித்தேன். படுத்த எட்டில் நிற்க வேண்டிய குறி, அதற்கு முன்பே நின்றுவிட்டது. அந்த 900 ரூபாய் வளையம் மயிரிழை மெலிந்திருக்கிறது. படத்துக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை, எண்கள் மட்டும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பையிலிருந்த நோட்டில் 'தூரக் குறிகளை நம்பாதே' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். இப்போதும் இருக்கிறது, என் கையெழுத்திலேயே.

மதியச் சாப்பாடு 110 ரூபாய். பிறகு கும்பகோணத்துக்கு பஸ், 40 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். சுவாமிமலைக்கும் போவதாகத் திட்டம் இருந்தது, தோள்வலியில் அதைக் கைவிட்டேன். ஏ.சி. அறை 1,200 ரூபாய். அறையில் செய்த தப்பு, லென்ஸை ஏ.சி.க்குக் கீழேயே வைத்தது. விடிகாலையில் பனிக்காற்றில் கொண்டுபோனதும் கண்ணாடி முழுக்க வியர்த்து, தெளிய இருபத்தைந்து நிமிடம் ஆனது. பையை மூடி, குளிராத மூலையில் வையுங்கள்.

சனிக்கிழமைக்கு பாலு என்ற ஆட்டோக்காரரை நாள் முழுக்க 1,900 ரூபாய்க்குப் பேசியிருந்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். வழி நெடுக யார் வயல், எந்தச் சாகுபடி என்று சொல்லிக்கொண்டே வந்தார். 4.55க்குக் கிளம்பி, நன்னிலம் தாண்டி ஆறு கிலோமீட்டரில் அவருக்குத் தெரிந்த ஒரு கிராமத்துக்கு 6.20க்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பனி விலக விலக, அறுத்த வயல்களில் நூற்றுக்கணக்கில் கொக்குகள் தெரிந்தன. சாலையோரம் ஒரு வயல், அதற்கு உள்ளே இன்னொன்று, அதற்கப்பால் வடிகால். இரண்டு வயலும் முற்றி நின்றன. பக்க வரப்பு வழியாக நடந்து, இரண்டும் சேரும் இடத்தில் இருந்த எல்லைக்கல் அருகே முக்காலியை வைத்தேன். வடிகால் ஓரத்துக் கொக்குகள் அங்கிருந்து அருமையாகக் கிடைத்தன.

7.40 இருக்கும். உள்வயலின் சொந்தக்காரர் வசந்தா வந்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். பதினோரு மணிக்கு அறுவடை மிஷின் வருகிறது, வயல் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர், என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"சர்வேங்களா?"

"இல்லைங்க. கொக்கு படம் எடுக்க வந்தேன்."

"கொக்குக்கு இவ்ளோ பெரிய மிஷினா?" என்றவர், குனிந்து லென்ஸின் உடம்பைப் பார்த்தார். "நம்பர் போட்டுருக்கு. மீட்டருங்களா? இதுல தூரம் தெரியுமா?"

ஐந்து மாதமாக வீட்டில் ஒருத்தரும் அந்த லென்ஸைத் திரும்பிப் பார்த்ததில்லை. இவர் வந்த அரை நிமிடத்தில், அதில் எனக்கு மிகப் பிடித்த விஷயத்தையே கேட்டுவிட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை. "தெரியும்ங்க. எதைக் குவிக்கிறோமோ அதோட தூரத்தை இங்க காட்டிடும்" என்றேன்.

அவர் தன் வயலைக் காட்டினார். அதன் கதையைச் சொன்னார். இந்த வயலில் பதினைந்து வருடம் கூலிக்கு நடவு நட்டவர். நான்கு வருடத்துக்கு முன் உரிமையாளர் சென்னைக்குக் குடிபோகும்போது இந்த ஒரு ஏக்கரை வசந்தா வாங்கிவிட்டார். ரோட்டோர வயல் அந்த உரிமையாளரின் தம்பி கலியபெருமாளுடையது. வாங்கிய முதல் வருடம் கயிறு பிடித்து வரிசை நடவு நட்டபோது, இந்தக் கல்லிலிருந்து வடிகால் வரை 277 வரிசை வந்தது. அதற்கடுத்த வருடத்திலிருந்து 270தான் வருகிறது.

"ஏழு வரிசை குறையுதுங்க. கேட்டா, நீ கயித்தத் தளத்திப் புடிச்சிருப்பன்னு சிரிக்கிறாங்க. இந்தக் கல்லுலேர்ந்து அந்த வடிகால் ஓரக் கல்லு எவ்ளோ தூரம்னு பாத்துச் சொல்றீங்களா?"

கல்லைக் குவித்தேன். குறி 50க்கு நேராக, அச்சடித்தாற்போல் நின்றது.

"ஐம்பதுங்க."

"ஐம்பதா? வரைபடத்துல அறுபத்திரண்டு புள்ளி நாலு போட்டுருக்குங்களே!"

"அப்படின்னா பன்னிரண்டு மீட்டருக்கு மேல குறையுது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வரிசைக்கு வரிசை எவ்வளவு இடைவெளி என்று கேட்டேன். இருபத்திரண்டரை சென்டிமீட்டர் என்றார். மனக்கணக்குப் போட்டு, "ஏழு வரிசை இல்லைங்க, ஐம்பத்தஞ்சு வரிசை போயிருக்கு" என்று சேர்த்தும் சொன்னேன். அவர் முகம் வெளிறியது. ஏதோ கேட்க வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கொக்குக் கூட்டம் எழும்பியது, நான் கேமராவுக்குள் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் வரப்பில் பாதி தூரம் போயிருந்தார். நோட்டில் அடிக்கோடு போட்டது நினைவுக்கே வரவில்லை.

ஒன்பதரை மணிக்கு மேல் வயலிலிருந்து வெப்பம் எழும்ப ஆரம்பித்துவிடுகிறது. நூறு மீட்டரைத் தாண்டிய எதுவும் கொதிக்கிற தண்ணீருக்குள் கிடப்பது போல ஆடும். இதற்கு எந்த லென்ஸாலும் பரிகாரம் கிடையாது. டெல்டாவில் டெலிஃபோட்டோவுக்கு விடிந்து மூன்று மணி நேரம், மாலை நாலரைக்கு மேல் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். நானும் பாலுவும் நன்னிலம் போய்ச் சாப்பிட்டோம். ஆட்டோவிலேயே இரண்டு மணி நேரம் தூங்கினேன்.

3.25க்கு அதே வயலுக்குத் திரும்பினோம். ரோட்டில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். ரோட்டோர வயல் அறுபட்டிருந்தது. சங்கிலிச் சக்கரம் போட்ட அறுவடை மிஷின் அதன் ஓரத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு நின்றது. வசந்தாவின் வயல் காலையில் இருந்தபடியே நின்றது.

பாலு இறங்கிப்போய் விசாரித்துவிட்டு வந்து, என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார். "சார், பெரிய பிரச்சனை ஆயிடுச்சு. காலையில சர்வேயர் ஒருத்தரு மிஷின் வச்சு அளந்து, கலியபெருமாள் பன்னெண்டு மீட்டர் எடத்தை அமுக்கிட்டாருன்னு சொன்னாராம். அந்த அக்கா அதை நாலு பேரு முன்னாடி கேட்டுருச்சு. என்னைத் திருடன்னு சொன்னவளுக்கு என் வயல்ல வழி கிடையாதுன்னு அவரு நிக்கிறாரு." பிறகு, "சார், அந்த சர்வேயர் நீங்கதான்" என்றார். கொக்குப் படக்காரன் வாய்க்கு வாய் மாறிச் சர்வேயர் ஆகியிருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே வயலுக்கு வயல் பாதை கிடையாது. ரோட்டோர வயலை முதலில் அறுத்துவிட்டு, மிஞ்சி நிற்கும் அடித்தாள் மேல் ஏறித்தான் மிஷின் உள்வயலுக்குப் போகும். பக்கத்து வயல்காரர் மாட்டேன் என்றால் முற்றிய நெல் அப்படியே நிற்க வேண்டியதுதான். கையால் அறுக்க இப்போது அவசரத்துக்கு ஆள் கிடைப்பதில்லை. திங்களும் செவ்வாயும் மழை என்று எல்லோரும் செல்பேசியில் பார்த்து வைத்திருந்தார்கள். முற்றிய கதிர் நனைந்து சாய்ந்தால் நின்ற இடத்திலேயே முளைத்துவிடும். மிஷின் டிரைவர் ஆத்தூர்க்காரர், மறுநாள் விடியும்போது வேறொரு ஊரில் இருக்க வேண்டும். ஐந்து மணிக்குள் முடிவு தெரியாவிட்டால் மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாராம்.

"வண்டியத் திருப்பவா சார்? உங்களை யாரும் இன்னும் பாக்கல" என்றார் பாலு.

உண்மையைச் சொன்னால், திருப்பச் சொல்லத்தான் வாய் வந்தது. இரண்டு நிமிடமாவது அங்கேயே நின்றிருப்பேன். வசந்தா மிஷினின் நிழலில் தனியாக நின்றுகொண்டிருந்தார். தன் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாறு மாத உழைப்பு எதிரில் நிற்கிறது, எட்டவில்லை. அதைப் பார்த்தபிறகு ஆட்டோவில் ஏற எனக்கு வெட்கமாக இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கலியபெருமாளுக்கு அறுபது வயதிருக்கும், வெள்ளை வேட்டி, உரத்த குரல். நான் யார், என்ன செய்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

"படம் புடிக்கிறவரா? சர்வேயர் இல்லையா?"

"இல்லைங்க."

"பின்ன எப்படிங்க வாய் கூசாம பன்னெண்டு மீட்டர்னு சொன்னீங்க? நான் இந்த ஊர்ல தலை நிமிந்து நடக்க வேணாமா?"

 அடாப்டர் மெலிந்தது, எண்கள் குறைவாகக் காட்டும் என்றெல்லாம் விளக்கினேன். அது எனக்கு முதல் நாளே தெரியும் என்பதையும் சொன்னேன். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். வசந்தா சிரிக்கவில்லை. "தெரிஞ்சேவா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். இருபத்தாறு வருடத்தில் என்னிடம் வேலையைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கலியபெருமாள் லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டும் என்றார். மாட்டிக் கொடுத்தேன். வடிகால் கல் மேல் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவியைப் பார்த்துக் கோபத்தை மறந்து, "அட, வாலு கூட தெரியுதே" என்றார். சட்டென்று சுதாரித்துக்கொண்டு, "நல்ல டேப்பா வாங்கிட்டு வாங்க. என் எதிர்க்க அளங்க. அறுபத்திரண்டு நாப்பது இருந்தா அவ எல்லார் முன்னாடியும் சொல்லட்டும், நானே வழி விடுறேன். குறையுதுன்னா கோர்ட்டுக்குப் போகட்டும். ஆனா என் தாள் மேல ஒரு சக்கரம் ஏறக் கூடாது" என்றார்.

நன்னிலம் ஹார்டுவேர் கடையில் ஐம்பது மீட்டர் ஃபைபர் டேப், 420 ரூபாய். போக வர ஆட்டோ பறந்தது. திரும்பி வந்தபோது 4.25.

இரண்டு வயலும் சேரும் முதல் கல்லில் டேப்பின் பூஜ்யத்தை நான் பிடித்தேன். வசந்தா மறுமுனையோடு பக்க வரப்பில் நடந்துபோய், ஐம்பதில் ஒரு குச்சியை ஊன்றினார். நான் குச்சிக்குப் போய், அங்கே பூஜ்யத்தை வைத்துக் குந்தினேன். அவர் வடிகால் கல்லுக்குப் போனார். கலியபெருமாளை வரச் சொன்னதற்கு, அந்த வயலில் தன் கால் படாது என்று முதல் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். மற்றவர்களும் அவரோடு நின்றார்கள்.

வசந்தா குனிந்து டேப்பைக் கல்லோடு வைத்துப் பார்த்தார். தேவைக்கு அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டதாக இப்போது தோன்றுகிறது. பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"பன்னெண்டு நாப்பது! ஐம்பதும் பன்னெண்டு நாப்பதும். சரியா இருக்குண்ணே! நான்தான் அவசரப்பட்டுட்டேன்!"

எனக்கு உயிர் வந்தது. அவர் அங்கிருந்தே டேப்பைச் சுற்றத் தொடங்கியதால் நானும் முனையை விட்டுவிட்டேன். முதல் கல் அருகே கலியபெருமாள் "கேட்டுக்கிட்டீங்களாய்யா எல்லாரும்?" என்றார். அவரிடம் போய் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டேன். மிஷினைப் பார்த்துக் கையை வீசினார். என்ஜின் கிளம்பியபோது மணி 4.50.

ஒரு ஏக்கர் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. புகைப்படக்காரனுக்குக் கொடுத்துவைத்த ஒன்றேகால் மணி நேரம் அது. மிஷின் திரும்புகிற ஒவ்வொரு முறையும் கொக்குகள் அதன் பின்னால் இறங்கின. பதரும் தூசும் வெயிலில் மஞ்சளாக நின்றன. எஃப்/5.6 வைத்து, மிஷின் கடக்கப்போகும் ஒரு இடத்தை முன்கூட்டியே குவித்து வைத்துக்கொண்டு, அது அங்கே வரும்போது அழுத்தினேன். கையால் குவிக்கும் லென்ஸில் நகர்கிற எதையும் இப்படித்தான் பிடிக்க முடியும். அந்தப் பயணத்தின் நல்ல படங்கள் எல்லாம் அப்போது எடுத்தவை.

6.10க்கு நெல் டிராக்டரில் ஏறி, தார்ப்பாய் கட்டி, ஊருக்குள் போயிற்று. கூட்டம் கலைந்தது. நான் முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தேன். வசந்தா டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டோ அருகே வந்தார்.

"சார், பத்து எண்பதுதான் இருந்திச்சு."

எனக்கு விளங்கவில்லை.

"பன்னெண்டு நாப்பது இல்லைங்க. பத்து எண்பது. ஒன்னு அறுபது குறையுது. ஏழு வரிசைதான்."

"பின்ன ஏங்க அப்படிக் கத்துனீங்க?"

"குறையுதுன்னு சொல்லியிருந்தா இந்நேரம் நெல்லு எங்க இருக்கும்?" என்றார். கோபமாக இல்லை, வேலை முடிந்த களைப்பில் சொன்னார். "திங்கக்கிழமை மனு குடுக்கறேன். சர்வேயரே வந்து அளக்கட்டும். அதுவரைக்கும் நீங்க இதை எங்கயும் எழுதாதீங்க. இந்த டேப்பு எனக்கு வேணும், குடுத்துட்டுப் போறீங்களா?"

வைத்துக்கொள்ளச் சொன்னேன்.  ஆட்டோ நன்னிலம் தாண்டும் வரை அந்தக் கணக்கையே மனதுக்குள் திரும்பத் திரும்பப் போட்டேன். வசந்தா எண்ணி வைத்திருந்த ஏழு முதலிலிருந்தே சரி. நான் அதை ஐம்பத்தைந்து ஆக்கினேன். டேப்பைப் பிடித்தபோதாவது பதினோரு மீட்டர் நடந்துபோய் எண்ணைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பட்டறையில் வேறொருவர் வாசித்த அளவுக்கு நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. அன்று நான் பார்க்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்பது வேறு விஷயம், அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

பழைய லென்ஸோடு டெல்டா போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தை கடைசியிலிருந்து மாசி நடுவரை அறுப்பு இருக்கும், கொக்கும் இருக்கும். மலிவான அடாப்டர் படத்துக்குப் போதும். முடிவிலியைத் தாண்டித் திருகுமா என்று மட்டும் வாங்கும்போதே பாருங்கள், அதற்கு முன்பே முட்டி நிற்பதை வாங்காதீர்கள். எஃப்/4இல் வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதா நிறம் கசியும், 5.6இல் பெரும்பாலும் போய்விடும். வெள்ளைக்கு ஒளியைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். கையில் பிடித்தால் ஷட்டர் வேகம் 1/1000 நொடியைவிட மெதுவாகாமல் வைப்பது நல்லது. படத்தின் விவரத்தில் லென்ஸ் 0 மி.மீ., துளை 0 என்றுதான் பதியும், அதனால் கையோடு ஒரு நோட்டு வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, எடுத்துப் படிக்கவும் வேண்டும். வரப்பில் முக்காலி வைக்கும் முன் யார் வயல் என்று கேட்டு அனுமதி வாங்குங்கள். சர்வே என்று நினைத்து யாராவது வந்தால், இல்லை என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அளவு எதையும் சொல்லாதீர்கள். சாப்பாடு, தங்கல், ஆட்டோ, பஸ் எல்லாம் சேர்த்து இரண்டு நாளுக்கு எனக்கு 4,100 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆனது, டேப்போடு சேர்த்து.

சித்திரைக் கடைசியில் வசந்தாவிடமிருந்து போன் வந்தது. பாலுவிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். நில அளவர் வந்து அளந்தாராம், அறுபது புள்ளி எட்டு. எல்லைக்கல் 1.60 மீட்டர் தள்ளிப் பழைய இடத்திலேயே நடப்பட்டுவிட்டது. யார் நகர்த்தினார்கள் என்று யாரும் கேட்கவில்லை, டிராக்டர் இடித்திருக்கும் என்று கலியபெருமாளே சொல்லிவிட்டாராம். இனி எழுதிக்கொள்ளலாம், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

அடுத்த அறுப்புக்கு அவர் வழி விடுவாரா என்று கேட்டேன். அது ஒன்றுதான் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

"விடுவாருங்க. ஐப்பசி மழையில அவரு வயல் தண்ணி என் வயல் வழியாத்தான வடிகாலுக்குப் போகணும்? நான் அடைக்க மாட்டேன். ஆனா அடைக்க முடியும்னு அவருக்குத் தெரியும்ல" என்றார்.